குதிரைக்காகக் கட்டிய பாட்டு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கால் நீட்டி உட்காருங்கள். நம் மெக்சிகோ முழுவதும் அழுதுகொண்டே பாடும் ஒரு சினிமாப் பாட்டு பிறந்த கதையைச் சொல்கிறேன்.

ஒதிலியா ஸ்டுடியோவில் வசனம் டைப் அடிப்பவள். அன்று கதாநாயகன் பால்தசார் வாசலிலிருந்து காதலியின் ஜன்னல்வரை பாடிக்கொண்டே குதிரையில் வரவேண்டும். கனேலா என்ற அந்தக் குதிரைக்கு வயதாகிவிட்டது. ஓடு என்றால் முறைக்கும். பாதி வழியிலேயே பாட்டு தீர்ந்துபோனது.

"மத்தியானத்துக்குள்ள யாராவது நீளமா ஒண்ணு எழுதுங்கப்பா" என்றார் தயாரிப்பாளர் தோன் ஃபெர்மின்.

ஒதிலியா வீட்டுக்கு ஓடினாள். அடுப்பில் மொச்சை வேக, குதிரையின் நடையை மனதில் வைத்து மூன்று சரணம் எழுதினாள். 'மெல்லத்தான் வருவேன், ஜன்னலை மூடாதே' என்ற வரிக்கு நாட்டின் விதவைகள் எல்லாம் இன்றும் கண்ணைத் துடைக்கிறார்கள். கனேலா மட்டும் அழவில்லை.

படம் வந்தது. பாடல்: பால்தசார் உர்கிதி என்று திரையில் போட்டார்கள். காதலி கைவிட்டபோது வெராக்ரூஸ் கடற்கரையில் மூன்று நாள் அழுது எழுதியதாக அந்த மகாகவி பத்திரிகைக்குப் பேட்டி வேறு கொடுத்தார். அவருக்குக் கையெழுத்துப் போடுவதே பெரும்பாடு.

ஒதிலியா தயாரிப்பாளரிடம் போனாள். "என் பேரு ஒரு ஓரத்துல வந்தா போதும், தோன் ஃபெர்மின்."

"இடம் ஏதும்மா? குதிரை பேரையே நெருக்கித்தான் போட்டிருக்கோம்."

இரண்டு வருடம் கழித்து அதே கதையைக் கலரில் எடுத்தார்கள். கலர் என்றால் வீடும் பெரிதாக வேண்டுமாம். ஜன்னல் இன்னும் பத்தடி தள்ளிப்போனது. நாலாவது சரணம் தேவைப்பட்டது. மகாகவி எழுதுவார் என்று தோன் ஃபெர்மின் பத்திரிகைக்காரர்களையும் அழைத்துவிட்டார்.

அதுவரை 'ஏம்மா, டைப்பு' என்று கூப்பிட்ட பால்தசார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சமையலறைக்கு வந்தார்.

"ஒதிலீத்தா, என் ராணி, ஒரே ஒரு சரணம்."

"மூணு நாள் அழுதீங்களே. இன்னும் ஒரு நாள் அழுதா வந்துடுமே."

"கேலி பண்ணாதே. இந்தத் தடவை உன் பேரு வரும். எங்கம்மா மேல ஆணை."

"பாவம் உங்கம்மா. எத்தனை ஆணையைத்தான் தாங்குவாங்க?" என்றாள் அவள். "படம் எடுக்கிற அன்னிக்குத் தரேன், போங்க."

நம் நாட்டுக் கதைப்பாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைசிச் சரணம் விடைபெறும் சரணம். கட்டியவர் பெயர் அதில்தான் வரும். அதைப் பாடகர் தனியாகப் பாடுவதில்லை, வாத்தியக்காரர்கள் அனைவரும் சேர்ந்துகொள்வார்கள். ஒதிலியா அன்று காலை தாளைப் பால்தசாரிடம் கொடுக்கவில்லை. எட்டுப் பிரதி எடுத்து எட்டு மரியாச்சி வாத்தியக்காரர்களிடம் கொடுத்தாள்.

மூன்று சரணம் முடிந்தது. குதிரை ஜன்னலுக்குப் பத்தடி முன்னால் இருந்த கிணற்றடிக்குத்தான் வந்திருந்தது. எட்டுப் பேரும் தொண்டையைத் திறந்தார்கள்:

போய் வரோம் ஊராரே, பொழுது விடியப் போகுது;
பாடினது யாரானாலும் பாட்டுக் கட்டினது ஒதிலியா,
மொச்சை வெந்த அடுப்படியில், ரெண்டு நாழி நேரத்துல.

பால்தசார் மீன்போல வாயை மட்டும் அசைத்தார்.

"கட் பண்ணுங்க, என் தொண்டை சரியில்லே" என்றார், ஜன்னலுக்கு வந்து சேர்ந்ததும்.

"உன் தொண்டை எங்கேய்யா பாடிச்சு?" என்றார் எக்காளம் ஊதும் நிகாந்த்ரோ. பத்திரிகைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தோன் ஃபெர்மின் அந்தச் சரணத்தை வெட்டத்தான் பார்த்தார். வெட்டினால் நாயகன் கிணற்றடியிலேயே நின்றுவிடுவான், முத்தம் கிடைக்காது. முத்தமில்லாத படத்தை யார் பார்ப்பார்கள்? அப்படியே விட்டார்.

திரையில் எழுத்தாக அவள் பெயர் அப்போதும் வரவில்லை. டைப்பிஸ்ட்டுக்குப் பெருமை சேர்த்த மகாகவியின் பணிவே பணிவு என்று ஒரு பத்திரிகை உருகியது. எழுதட்டும். காதலிக்காக விடியலில் தெருவில் நின்று பாடுகிற ஒவ்வொருவனும் கடைசியில் ஒதிலியா பெயரைச் சொல்லாமல் வீடு திரும்ப முடியாது. பால்தசாரும்தான், சாகும்வரை மேடைக்கு மேடை அவரைக் கேட்டுக் கேட்டுப் பாட வைத்தார்கள்.

போய் வாருங்கள் என் செல்லங்களா. உங்கள் வீட்டில் உழைத்தவர் பெயர் சொல்லி எல்லோரும் வயிறாரச் சாப்பிடட்டும். குழந்தைகுட்டிகள் நோய்நொடியில்லாமல் நிறைந்திருக்கட்டும்.