டிக் விழாத பக்கம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு குளியலறையில். ஜப்பானிய மொழி படிக்கும் தோழியின் வீடு, கை கழுவப் போனேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்து அட்டவணை ஒட்டியிருந்தது. அதன் கீழே வினைச்சொற்கள், தமிழ்ப் பொருளோடு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் குட்டியாக ஒரு டிக்.

வெளியே வந்து, "உன் வீட்டுக்காரரும் ஜப்பானிய மொழி படிக்கிறாரா?" என்றேன்.

"அவரா? லிஃப்ட்டை விட்டா அவருக்கு வேற என்ன தெரியும்?" என்று சிரித்தாள். "ஏன் கேக்கறே?"

சொன்னேன். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த முகத்தைத்தான் எழுத வேண்டும். எழுத வரவில்லை, அதனால்தான் இத்தனை சுற்றுவழி.

2

முதல் தொடக்கம்: தலையில் இடி விழுந்தாற்போல் அவள் —

(வேண்டாம். இடி என்றால் சத்தமாவது கேட்டிருக்கும்.)

இரண்டாவது: அவளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஏழு மாதமாக மாலை வகுப்பு. மூன்று வகை எழுத்து என்றதும் ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் வினைச்சொல், நம் வாக்கியத்தில் போலவே, கடைசியில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் சொந்தக்காரியைக் கண்டதுபோல் மகிழ்ந்துபோனாள். டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். தினமும் நோட்டில் மூன்று வாக்கியம். தெரிந்த சொற்களால் மட்டும். அகராதி தொடக்கூடாது.

இருநூறு சொல் தெரிந்தவளால் மழுப்ப முடியாது. தமிழில் 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை', 'ஏதோ போகிறது' என்று ஆயிரம் திரைச்சீலை உண்டு. அங்கே இவ்வளவுதான்: கணவர் பேசினார். நான் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தேன்.

எழுதிவிட்டு நோட்டைச் சாப்பாட்டு மேசையிலேயே போட்டுவைப்பாள். பூட்டு எதற்கு, அந்த மொழியே பூட்டுதானே.

(சாவியைக் குளியலறையில் ஒட்டிவைத்தவளும் அவள்தான்.)

3

கணவர் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். கொடுமைக்காரராக்கினால் கதை சுலபம். அவரோ சாது. லிஃப்ட் மெக்கானிக், சரிபார்த்த ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எதைப் படித்தாலும் டிக்.* பழுது இருந்தால் மட்டும் போடமாட்டார். சரிசெய்த பிறகுதான்.

"பாத்ரூம்ல அரை மணி நேரமா என்னங்க பண்றீங்க?"

"படிக்கிறேம்மா."

"ஆமா, கலெக்டர் பரீட்சை பாருங்க!"

* என் புத்தகம் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். நாற்பதாம் பக்கத்தோடு டிக் நின்றுவிட்டது.

4

நான் கிளம்பிய பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. [இங்கிருந்து கற்பனை.]

எழுதிய பக்கத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. இப்போதுதான் நோட்டைப் புரட்டுகிறாள். ஒன்பதாம் பக்கம், வலது கீழ் மூலையில் டிக். பத்தில் டிக். சுவரைப் பார்த்த நாளுக்கு டிக். 'அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்காது' என்ற பக்கத்துக்கும் டிக். அதற்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது எப்போது? யோசிக்கிறாள். ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிறாள்.

நான்கு நாளைக்கு முன் எழுதியது, அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை: ஜப்பானில் வேலை கிடைத்தது. போவேன். கணவரிடம் சொல்லவில்லை.

அதில் டிக் இல்லை. நோட்டின் மடிப்பில் பென்சில் கிடக்கிறது. புதிதாகச் சீவிய பென்சில்.

வாசல் கதவு திறக்கிறது. வேலையிலிருந்து வந்தவர் நேராகச் சமையலறைக்குள் போகிறார்.

"டீ போடட்டுமாம்மா?"

நான்கு நாளாகக் கேட்கும் அதே குரல். ஒரு பிசிறும் இல்லை.

5

முடிவு ஒன்று: "நீங்க எல்லாத்தையும் படிச்சீங்களா..." என்று அவள் —

(அடித்துவிட்டேன். தமிழில் ஆரம்பித்தால் இருவருமே மழுப்பிவிடுவார்கள்.)

முடிவு இரண்டு: அவர் வந்து அந்தப் பக்கத்துக்கு டிக் போடுகிறார்.

(அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

உண்மையில் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. ஒரு வாரமாக அவள் என் போனை எடுக்கவில்லை. அன்று நான் கையைக் கழுவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை நேரம் இருக்கிறது. மூன்று வாக்கியங்களுக்குக் கீழே நான்காவதாக ஒன்றுக்கு இடம் இருக்கிறது. பென்சிலை நீங்கள் எடுங்கள். அவளாகவோ அவராகவோ, உங்கள் விருப்பம்.

அகராதி மட்டும் தொடக்கூடாது.