கரடிக்கு ஒரு கைத்துப்பாக்கி

விமலநாதனுக்குக் கைத்துப்பாக்கி வாங்கும் யோசனை வந்தது 2004 யூன் மாதத்தில், ஒரு கரடி அவருடைய மீனைத் தின்ற பிறகுதான். ஒன்றிரண்டல்ல, பதினொரு மீன். மொன்றியலிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் காரோடிப் போய், ஏரிக்கரை நுளம்புக்கு அரைப் போத்தல் இரத்தம் கொடுத்துப் பிடித்தவை. கரடி கலியாண வீட்டுக்கு வந்த மாமனைப் போல ஆறுதலாக வந்தது. வாளிக்குள் தலையை விட்டு எல்லாவற்றையும் தின்றது. பிறகு வாளியையும் கவ்விக்கொண்டு போனது. விமலநாதனும் அவருடைய கூட்டாளி றொபின்சனும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு எங்களையும் இப்பிடித்தான் தின்னும். ஒரு பிஸ்டல் எடுக்க வேணும்" என்றார் விமலநாதன்.

"வேணாம் மச்சான்" என்றார் றொபின்சன்.

விமலநாதன் கரவெட்டிக்காரர். வயது நாற்பத்தேழு. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. றொபின்சன் மட்டக்களப்புக் கல்லடியைச் சேர்ந்தவர், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. இருவர் வீடும் வில்லரேயில் அடுத்தடுத்த தெருவில். வெள்ளிக்கிழமை ஒருவருக்குக் கோயில், ஞாயிற்றுக்கிழமை மற்றவருக்குத் தேவாலயம், சனிக்கிழமை இரண்டு பேருக்கும் ஏரி. ஆறு வருடமாக இதுதான் ஒழுங்கு. படகில் இருந்து கதைக்காத விஷயமில்லை, ஒன்றைத் தவிர. அகதியாக வந்து இறங்கியபோது 'கேஸ்' விசாரணையில் என்ன சொன்னாய் என்று இந்த ஊரில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைக் கேட்பதில்லை. சம்பளத்தைக் கேட்கலாம், நோய் வருத்தத்தைக் கேட்கலாம், கேஸைக் கேட்கக் கூடாது. றொபின்சனுக்கு ஊரில் ஒரு தம்பி செத்துப்போனான் என்பது மட்டும் விமலநாதனுக்குத் தெரியும். எப்படி என்று அவர் கேட்டதில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் விமலநாதனுக்குத் துப்பாக்கிதான் நித்திரையும் முழிப்பும். சாப்பாட்டு நேரத்தில் வேட்டைச் சஞ்சிகையை விரித்து, கறிபட்ட கையாலேயே பக்கம் புரட்டினார். சுழலும் ஆறு அறை உள்ள றிவோல்வரா, மகசின் போடுகிற பிஸ்டலா? பிஸ்டலில் குண்டு அதிகம், ஆனால் ஈரத்திலும் மண்ணிலும் சிக்கிக்கொள்ளும் என்றான் கூட வேலை செய்யும் கியூபெக்காரன். றிவோல்வர் சிக்காது, ஆனால் ஆறே வெடி. சின்னக் குண்டென்றால் கரடிக்குக் கோபம்தான் வரும், பெரிய குண்டென்றால் சுடுகிறவனின் மணிக்கட்டுப் போய்விடும். தண்ணீரில் கறள் பிடிக்கக் கூடாது. படகில் குனிந்தால் குழல் தொடையில் இடிக்கவும் கூடாது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட மனுசன் இவ்வளவு குறிப்புப் பார்த்திருக்க மாட்டார்.

"மீன் கேக்கிற கரடிக்கு மீனைக் குடுத்திட்டு வாறதுக்கு என்ன? நீங்கள் பிடிச்சு வந்துதானே நாங்கள் உயிர் வாழுறம்!" என்றாள் மனைவி யோகராணி.

சொல்வார் சொல்லட்டும் என்று விமலநாதன் சனிக்கிழமை காலை அஹுன்ட்சிக்கில் இருந்த ஒரு வேட்டைக் கடைக்குப் புறப்பட்டார். றொபின்சனையும் இழுத்துக்கொண்டு போனார். அனுமதிப்பத்திரத்துக்கு, மூன்று வருடத்துக்குக் குறையாமல் பழகிய ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கையெழுத்துக்காரர் ஒரு பக்கம், கோப்பு மறுபக்கம். கோப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அகதியாக வந்த தமிழன் வீட்டில் இப்படியொரு கோப்புக் கட்டாயம் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புச் சரியென்று ஒரு கடிதம், குடியுரிமைப் பத்திரம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை என்று வருடத்துக்கு வருடம் தடிக்குமே தவிர மெலியாது. நூலகத்தில் அட்டை எடுக்கப் போனாலும் விமலநாதன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவார். எந்தப் பேப்பரை எப்போது கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒன்றையும் எறிந்ததில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்ததுமில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு துணியை விரித்து அதன்மேல் இரண்டு றிவோல்வர்களை வைத்தார். விமலநாதன் பெரியதைத் தூக்கினார். நினைத்ததைவிடப் பாரம். குழல் கடைக்காரரின் வயிற்றைப் பார்த்தது. அவர் முகம் மாறாமல் இரண்டு விரலால் அதை நிலத்தின் பக்கம் திருப்பிவிட்டார். றொபின்சன் தூண்டில் நூல் தொங்கிய தட்டுக்கு முன்னால், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கே சுடப் போகிறீர்கள்?" என்று கடைக்காரர் பிரெஞ்சில் கேட்டார்.

மீன் பிடிக்கப் போகும்போது இடுப்பில் வைத்திருக்க என்று விமலநாதன் விளக்கினார். கடைக்காரர் இரண்டையும் துணியோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்த நாட்டில் அது முடியாது என்றார். காட்டில் பொறிவைத்துப் பிழைப்பவர்கள் போன்ற சிலருக்குத்தான் தனி அனுமதி. மற்றவர்கள் வகுப்புக்குப் போய், பத்திரம் எடுத்து, பூட்டிய பெட்டியில் சுடும் கழகத்துக்குக் கொண்டுபோய், பூட்டிய பெட்டியிலேயே திரும்பக் கொண்டுவரலாம். அப்படியென்றால் கரடியையும் கழகத்துக்கு வரச் சொல்ல வேண்டியதுதான் என்று விமலநாதன் நினைத்துக்கொண்டார். மிளகாய்ச் சாறு பீச்சும் தகரம் ஒன்று இருக்கிறது, கரடிக்கு அது போதும் என்று கடைக்காரர் ஒரு தட்டைக் காட்டினார்.

விமலநாதன் விடவில்லை. இந்த நாட்டில் ஒருவர் இல்லை என்று சொன்னால், சரியான பேப்பரை இன்னும் காட்டவில்லை என்றுதான் அர்த்தம். பதின்மூன்று வருட அனுபவம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். அவர் கோப்பைக் கண்ணாடி மேசையில் வைத்து றப்பர் பட்டியை இழுத்தார். உளுத்துப்போன பட்டி அறுந்து, பேப்பர்கள் மேசையிலும் நிலத்திலும் சிதறின. றொபின்சன் ஓடிவந்து குனிந்து பொறுக்கினார்.

குடியுரிமைப் பத்திரத்தைக் கடைக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்த விமலநாதன், சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார். றொபின்சன் நிலத்தில் ஒரு முழங்காலை ஊன்றியபடி எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். கோடு போட்ட நான்கு தாள்கள். நீல மையில் தமிழ்க் கையெழுத்து. விமலநாதன் கையை நீட்டினார்.

"அது பழைய கேஸ் பேப்பர் மச்சான். வை அதை."

றொபின்சன் வைக்கவில்லை. "நான் காரடியில நிக்கிறன்" என்று தாள்களோடு வெளியே போனார்.

இருவரும் காரில் ஏறினார்கள். "ஆத்தங்கரைக்கு விடு" என்று மட்டும் றொபின்சன் சொன்னார். நதிக்கரைப் பூங்காவில் ஒரு வாங்குப் பலகையில் இருந்தார்கள். வெயில் நன்றாக எறித்தது. றொபின்சன் மூன்றாவது தாளில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"மற்ற இடமெல்லாம் தம்பிட பேர் இரவிச்சந்திரன் எண்டு கிடக்கு. இந்த ஒரு இடத்தில மட்டும் பேனாட் எண்டு கிடக்கு. ஆரு பேனாட்?"

"தெரியாது. எழுதினவருக்குக் கை தவறிட்டுது."

"உனக்குத் தம்பி இருந்தவனா?"

"இல்லை. எனக்கு மூண்டு அக்காமார்தான்."

அதைச் சொன்னபோது விமலநாதனுக்குக் காது சுட்டது. அவரிடம் உண்மையில் இருந்தது வெறும் பயம்தான். சந்திக்குச் சந்தி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தன்னையும் பிடிக்க முதல் ஓடிவந்தார். அதைத்தான் கேஸ் எழுதிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். அந்த மனிதர் பேனையை மூடிவிட்டு, "பயம் எண்டால் இஞ்சை எடுபடாது தம்பி. ஒரு சாவு வேணும்" என்றார். அடுத்த கிழமை இந்த நான்கு தாள்களையும் கொடுத்துப் பாடமாக்கச் சொன்னார். யாருடைய சாவு என்று விமலநாதன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது.

"பேனாட் என்ட தம்பி" என்றார் றொபின்சன்.

பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்ற பெடியனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது, இடுப்பிலிருந்து எடுத்த சின்னத் துப்பாக்கி, எல்லாம் அவருக்கு வரிவரியாகத் தெரியும். அந்தப் பெடியனின் அண்ணனைத்தான் இன்றைக்குத் துப்பாக்கி பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"எனக்கும் எழுதினது இதே கைதான். அந்தாளிட்ட எழுதக் குடுத்தது நான் முதல். விசாரணைக்குக் கூப்பிட்டது உன்னை முதல் போல" என்று றொபின்சன் ஆற்றைப் பார்த்தபடி சொன்னார். "நான் போய்ச் சொல்லி முடிய, இந்தக் கதைய நாங்க ஏற்கனவே கேட்டிட்டம் எண்டாங்க. சொல்லுக்குச் சொல் கேட்டதாம். நான் ஆரிட்டயோ கடன் வாங்கின கதையாம். கேஸைத் தள்ளிப்போட்டாங்க. மறுகா வேற வழியால பேப்பர் கிடைக்க ஏழு வருசம். மனிசியும் மகளும் வந்து இறங்கேக்க மகளுக்குப் பதினொண்டு. என்னை அங்கிள் எண்டவள்."

"எனக்குத் தெரியாது மச்சான். கடவுளாணை எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும்."

அவர் ஏசியிருந்தால் விமலநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நல்லது. இந்தப் பெரிய ஊரில் அவருக்கென்று இருந்த ஒரே சிநேகிதன் பக்கத்தில் இருந்தார், எழுந்து போய்விடுவாரோ என்ற பயத்தில் விமலநாதன் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டார். பதின்மூன்று வருடத்துக்கு முன் நாட்டை விட்டு ஓட வைத்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது.

சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். றொபின்சன் தாள்களை மடித்தார், பிறகு விரித்தார்.

"விசாரணையில இதச் சொல்லக்குள்ள நீ அழுதனியா?"

பொய் சொல்ல விமலநாதனுக்கு இனி இடமில்லை. "ஓம். அழுதனான். நடிக்கேல்லை மச்சான். சொல்லச் சொல்ல உண்மையாவே வந்திட்டுது. அந்தப் பெடியன்... ஆரெண்டு தெரியாமலே எனக்குத் தாங்கேல்லை."

றொபின்சன் தலையாட்டினார்.

"நான் அழல்ல. கல்லு மாதிரி இருந்து சொன்னன். ஊரில செத்த வீட்டிலயும் அழல்ல, இண்டைக்கு வரைக்கும் அழல்ல. எனக்கு வரல்ல மச்சான். அதனாலதான் நம்பல்ல போல." தாள்களை விமலநாதனின் மடியில் வைத்தார். "இப்ப சொல்லு. அங்க எப்பிடிச் சொன்னியோ, அப்பிடியே எனக்குச் சொல்லு."

"வேண்டாம் றொபின்சன்."

"சொல்லு."

விமலநாதன் தாளைப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. "அண்டைக்கு விடிய ஆறரை மணி. பாண் வாங்கிக்கொண்டு வா எண்டு அம்மாதான் அனுப்பினவ. உன்ர தம்பி..."

"இல்ல. அங்க சொன்ன மாதிரி."

விமலநாதன் மடியிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தார். "என்ர தம்பி" என்று தொடங்கினார். என்ர தம்பி வரிசையிலை அஞ்சாவது ஆளாய் நிண்டவன். பாணை வாங்கித் திரும்பேக்குள்ளை பின்னாலை ஆரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது. தெரிஞ்ச ஆளாக்கும் எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு திரும்பினவன். விழுந்த பிறகும் கையிலை இருந்த பாணை விடேல்லை.

பக்கத்தில் றொபின்சனின் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு நிற்கவேயில்லை. வாயைப் பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நாயோடு நடந்துவந்த கிழவி ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

விமலநாதன் நிறுத்தவில்லை. பாடமாக்கியதில் ஒரு சொல்லும் அவருக்கு மறந்திருக்கவில்லை.