உல்ரிக்காவின் மாமியார்

"ஷூவை எங்கடி வச்ச?" என்று தங்கம்மா மகளிடம் மறுபடியும் கத்தினாள். கோப்பைகள் அரிசி டிரம்முக்குள் போய்விட்டன. மெடல்களைப் பழைய புடவையில் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளியாயிற்று. ஓட்டப்பந்தயத்துக்கு மாட்டும் ஆணி ஷூ மட்டும் அகப்படவில்லை.

"கால்ல போட்டுக்கினு கீறேன்" என்று பல்லவி பட்டுப்புடவையைச் சற்றே தூக்கிக் காட்டினாள். காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு வந்தவள் அதைக் கழற்றவே இல்லை. கழற்றினால் அதுவும் அரிசிக்குள் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"அடிப்பாவி, கழட்டுடி! வந்துடப் போறாங்க!"

வாசலில் கார் ஹாரன் அடித்தது. புடவை கீழே இறங்கியது. ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், அவளிடம் இருப்பதையெல்லாம் ஒளித்துவிட்டு இல்லாததையெல்லாம் எடுத்து வைப்பது நம் வழக்கம். பல்லவிக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது; எதிர்வீட்டுத் தையல் மிஷின் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஓட்டத்தில் அவளை முந்த மாவட்டத்தில் ஆளில்லை. அதற்கான அத்தாட்சி அரிசிக்குள் புதைந்து கிடந்தது. திங்கட்கிழமை பெங்களூரில் ரயில்வே வேலைக்கு விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள். ஓடிக் காட்ட வேண்டும். "இந்த எடம் அமைஞ்சிட்டா பெங்களூரும் இல்ல, ஓட்டமும் இல்ல" என்று தங்கம்மா தீர்த்துச் சொல்லியிருந்தாள். பல்லவிக்கு அந்த வேலை வேண்டும். அதைவிட, ஓட வேண்டும்.

இதில் வேடிக்கை, விளையாட்டில் இறங்கிய ஒரு பெண்ணுக்காக அந்த லைனிலேயே அதிகம் அழுதவள் தங்கம்மாதான். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். அவள் அழுத பெண் மட்டும் ஜெர்மனியில் இருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கம்மா வீட்டு டிவியின் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஸ்போர்ட்ஸ் சேனலைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. சீரியல் பார்க்க அங்கே கூடி, அது போயிற்றே என்று மூக்கைச் சிந்திய லைன் பெண்கள், ஒரு சாயங்காலம் பனியில் வெட்டிய வளைந்த வாய்க்கால் ஒன்றைப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் ஒரு தொட்டி மாதிரியான வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஓடுகிற வேகத்திலேயே உள்ளே குதித்து, தலைதெறிக்கக் கீழே போனார்கள்.

"இது இன்னாடி கூத்து?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா.

"கயிறு இல்லாத கேஜ்மா அது" என்றார் ராஜப்பா. பல்லவியின் அப்பா. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு இன்ஜின் ஓட்டுகிறவர். "பின்னாடி உக்காந்துக்கினு கீறாளே, அவதான் பிரேக்கு. பிரேக் போடறவங்களைத்தான் கும்பிடணும்."

பின்னால் உட்கார்ந்தவள் பெயர் உல்ரிக்கே. அன்றைக்கே உல்ரிக்கா ஆகிவிட்டாள். இங்கிலீஷ் வர்ணனையைப் பல்லவி தமிழில் சொன்னாள். முதலில் தடை தாண்டி ஓடியவளாம். முழங்கால் போய், பிறகு வண்டி தள்ள வந்தவளாம். தள்ளிவிட்டு ஏறிக் குனிந்தால், கீழே போய்ச் சேரும்வரை எதையும் பார்க்க முடியாது. ஜெயித்தால் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவளைத்தான் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். "நம்ம கதைதான்" என்றாள் பாப்பம்மா.

அடுத்த குளிர்காலத்தில் வண்டி கவிழ்ந்து உல்ரிக்காவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. தங்கம்மா அன்று சோறு ஆக்கவில்லை. பாப்பம்மா மாரியம்மனுக்குக் கூழ் வேண்டிக்கொண்டாள். அதற்கும் அடுத்த வருஷம் உல்ரிக்கா திரும்பி வந்தாள். அதுவும் முன் சீட்டுக்கு, வண்டியை ஓட்டுகிறவளாக. பாப்பம்மா சொன்னபடி கூழ் ஊற்றினாள். யாருக்காக என்று பூசாரி கேட்டதற்கு, "வெளியூர்ப் பொண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

ஆனாலும் பெண்களுக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

"முப்பது வயசு ஆவுதே, கல்யாணம் ஆச்சா இல்லியா?"

இல்லை என்றால் உல்ரிக்காவை வெறுத்துவிடுவார்கள் என்று பல்லவி பயந்தாள். "ஆச்சே" என்றாள்.

"மாமியாக்காரி இதுக்கெல்லாம் வுடறாளா?"

"அவங்கதான் அனுப்பறதே! ரேஸன்னிக்கு விடிகாலைல எழுந்து, பால் காய்ச்சிக் குடுத்து, காலுக்கு எண்ணெய் தேச்சி அனுப்புவாங்களாம்."

பெண்கள் அத்தனை பேரும் பெருமூச்சு விட்டார்கள். அதற்கப்புறம் லைனில் உல்ரிக்காவைவிட அவள் மாமியாருக்குத்தான் மதிப்பு. டிவியில் கூட்டத்தைக் காட்டும்போது தொப்பி போட்ட கிழவி எவள் தெரிந்தாலும், "அதோ அந்தம்மா!" என்று பாப்பம்மா கையெடுத்துக் கும்பிடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை பங்காருபேட்டையிலிருந்து இரவல் அம்பாசடர் காரில் மாப்பிள்ளை பிரேம், அவன் அம்மா புஷ்பவல்லி, தரகர் தசரதன் மூவரும் வந்து இறங்கினார்கள். பிரேம் நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தான். என்ன, எதைச் சொல்லுமுன்னும் அம்மா முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

புஷ்பவல்லி கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "பையன் தெனம் ரயில்ல நின்னுக்கினே பெங்களூரு போய்ட்டு வரான். பாவமா கீது. ஒரு காரு குடுத்துடுங்க. புதுசா."

ராஜப்பா தரையைப் பார்த்தார். சுரங்கத்தையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம் அது.

"பொண்ணைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க. கால் நேரா கீதான்னு பாத்துக்கலாம்."

பல்லவி நடந்தாள். சிமெண்டுத் தரையில் 'டக், டக்' என்று ஷூ ஆணி சத்தம் போட்டது.

"கொலுசு சத்தம் ஒரு மாதிரி கீதே?" என்றாள் புஷ்பவல்லி.

"கெட்டி வெள்ளிக்கா. கனம் ஜாஸ்தி" என்றாள் தங்கம்மா.

பாப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நடக்கறதை இன்னாத்துக்குப் பாக்கறீங்க? ஓடச் சொல்லிப் பாருங்க! டிஸ்ட்ரிக்ட்லியே பஸ்ட்டு!" தங்கம்மா அவளைக் கிள்ளினாள். கொஞ்சம் தாமதமாகக் கிள்ளிவிட்டாள்.

"ஓடறாளா?" புஷ்பவல்லியின் முகம் கோணியது. "ஊர்ல நாலு பேரு பாக்க? அதெல்லாம் எங்க வூட்டுக்கு ஒத்து வராது. இன்னியோட நிறுத்திடுங்க."

"ஏன், உல்ரிக்கா மாமியாரு வுடலியா?"

"யாரு அது? எந்த லைனு?"

"ஜெர்மனி" என்றாள் பாப்பம்மா.

புஷ்பவல்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கம்மாவைப் பார்த்தாள். நிறுத்திவிடுகிறோம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். தங்கம்மா வாயைத் திறந்தாள். திறந்தவள் கேசரித் தட்டுகளை எடுக்கக் குனிந்துவிட்டாள். அதற்குள் தசரதன் மணி பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார். "பத்தரைக்கு ராகுகாலம்! கெளம்புங்க, கெளம்புங்க! பதிலை நான் சாயங்காலம் வந்து கேட்டுக்கறேன்."

மூவரும் ஓடிப்போய்க் காரில் ஏறினார்கள். கார் இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் அதுவும் இல்லை.

லைன் ஆண்களெல்லாம் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். பிரேம் ஸ்டியரிங்கைப் பிடிக்க, தசரதனும் ராஜப்பாவும் பின்னால் நின்று தள்ளினார்கள். தசரதனின் வயிறுதான் காரைத் தொட்டது, கை எட்டவில்லை. பத்தடி தள்ளி ராபர்ட்சன்பேட்டைக்கு இறங்கும் சரிவு. அந்தப் பத்தடிக்குக் கார் அசைய மறுத்தது. பட்டுப்புடவை கசங்கும் என்று புஷ்பவல்லி இறங்கவும் மாட்டேன் என்றாள். "ராகுகாலம் வருதே! யாராச்சும் தள்ளுங்களேன்!" என்று ஜன்னலில் தலையை நீட்டி அலறினாள்.

பார்க்க வந்தவர்கள் போகும்வரை பெண் வாசலைத் தாண்டக்கூடாது. பல்லவி தாண்டினாள். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் சொருகினாள். கெட்டி வெள்ளிக் கொலுசு ஊருக்கே தெரிந்தது. காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பற்றிக் குனிந்து, ஷூ ஆணி மண்ணில் இறங்க ஒரு தள்ளு தள்ளினாள். கார் நகர்ந்தது.

லைன் பெண்களுக்கு மூன்று வருஷப் பழக்கம். தங்களை அறியாமலேயே கத்த ஆரம்பித்தார்கள். "தள்ளு! தள்ளு! வுடாதே!" கார் சரிவைத் தொட்டு வேகம் பிடித்தது. பல்லவி கூடவே ஓடினாள். பின்கதவு சரியாகச் சாத்தாமல் திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

"ஏறு! ஏறுடி!" என்று வீதியே கத்தியது. தங்கம்மாவும்தான்.

பல்லவி கையை எடுத்துவிட்டு நின்றாள். கார் சரிவில் உருண்டு, குலுங்கி, புகை கக்கி ஸ்டார்ட் ஆனது. புஷ்பவல்லியின் தலை ஜன்னலிலேயே இருந்தபடி மறைந்தது. பின்னாலேயே தசரதன், தன்னை விட்டுவிட்டார்களே என்று ஓடினார்.

"ஏன்டி ஏறல?" பாப்பம்மாவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

"அது என் வண்டியில்லியே" என்றாள் பல்லவி.

தங்கம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டிவியில் அவள் பார்த்திருக்கிற ஓட்டம்தான். தன் பெண்ணிடம் அதை இன்றைக்குத்தான் பார்த்தாள். கேவலமாக இருந்தது அவளுக்கு, தன்னை நினைத்து.

சாயங்காலம் தசரதன் பல்லெல்லாம் தெரிய வந்தார். "புஷ்பவல்லியம்மாவுக்குப் பொண்ணை ரொம்பப் புடிச்சிப்போச்சு! புதுக் காரு வேணாவாம். செகண்ட் ஹேண்டே போதுமாம். ஸ்டார்ட் ஆவலைன்னா தள்றதுக்கு வூட்லயே ஆளு கீதேன்னு சொல்றாங்க. வேற ஓட்டம் மட்டும் கூடாதாம்."

ராஜப்பா எழுந்தார். அவருக்கு முன்னால் தங்கம்மா பேசினாள்.

"தசரதண்ணா, எம் பொண்ணு திங்கக்கிழமை பெங்களூரு போறா. ஓடறா."

"அப்ப இந்த எடம்?"

"ரேஸன்னிக்கு விடிகாலைல எழுந்து, பால் காய்ச்சிக் குடுத்து, காலுக்கு எண்ணெய் தேச்சி மருமவளை அனுப்பற மாமியாரு இருந்தா, அந்த எடத்தைக் கொண்டாங்க. ஜெர்மனில கீறாங்களே, நம்ம பக்கம் ஒருத்தி இருக்கமாட்டாளா?"

தசரதன் தலையைச் சொறிந்துகொண்டு போனார். பங்காருபேட்டை, வேலூர் என்று தேடினாராம். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார் என்று கேள்வி.

அரிசியிலிருந்து கோப்பைகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்த பல்லவிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அப்படி ஒரு மாமியார் ஜெர்மனியிலும் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

திங்கட்கிழமை விடிகாலையில் பால் பொங்கும் வாசனையில் அவள் கண்விழித்தாள். கால்மாட்டில் தங்கம்மா கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, அந்தம்மா இன்னா எண்ணெய் தேய்ப்பாங்கன்னு சொன்ன?"

பல்லவி காலை நீட்டினாள்.

"நல்லெண்ணெய்தாம்மா."