கொடியில் காயும் சிவப்புப் பாவாடை

ஆஸ்திரேலியச் சிற்றூர் ஒன்றில், பனி விலகாத ஞாயிற்றுக்கிழமை காலை. ராட்னி கொல்லைக் கொடியில் ஒரு சிவப்புப் பாவாடையை உலர்த்திக்கொண்டிருந்தான். அது அவன் மனைவியுடையது அல்ல, அவனுடையது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊர்க் கால்பந்து அணி ஆண்கள் பாவாடை கட்டி, உதட்டுச் சாயம் அப்பி, மார்பில் பலூனைச் செருகிக்கொண்டு பெண்கள் அணியோடு வலைப்பந்து ஆடுவார்கள். ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு நன்கொடை சேரும். குழந்தைகளோடு வந்து ஊரே வயிறு குலுங்கச் சிரிக்கும்.

அவன் அக்கா கெரின் கையில் பள்ளிக் கடிதத்தோடு வேகமாக வந்தாள். 'சிறப்பு விருந்தினர் ஒருவர் கதை வாசிப்பார்' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. விருந்தினர் யார் என்பதை ஊரே தோண்டி எடுத்துவிட்டது. மெல்போர்னில் பெண் வேடமிட்டு ஆடிப் பாடும் லிண்டன்தான் அவர். மதுக்கூடத்தில் அவர் ஆடிய காட்சி அதற்குள் எல்லார் செல்பேசியிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பொம்பள வேஷம் போட்ட ஆம்பளயை என் பிள்ளைங்க முன்னால நிறுத்தணுமா? செவ்வாய்க்கிழமை ஓட்டு உன் கையிலதான்டா இருக்கு. வாயில என்ன கொழுக்கட்டையா, பேசு" என்றாள் கெரின். ஈரப் பாவாடை காற்றில் பறந்து அவள் தோளில் உரசியது. அவள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

ராட்னி பள்ளிக் குழுவின் தலைவன். உறுப்பினர்களில் மூவர் சரி என்கிறார்கள், மூவர் கூடாது என்கிறார்கள். கூடாது என்றால் லிண்டனுக்கு அவன் செய்யும் இரண்டாவது துரோகம் அது. சரி என்றால் அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

முதல் துரோகம் ஊரில் பலருக்கு மறந்துபோயிருக்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லிண்டனும் அதே அணியில் ஆடியவன். ஒரு ஆகஸ்டில் மற்றவர்கள் கோணல்மாணலாகப் பூசிக்கொண்டு வர, அவன் மட்டும் தானே தைத்த உடையில், தலைமுடியை அழகாகச் சீவி, நளினமாக நடந்து வந்தான். மைதானத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. அடுத்த கால்பந்து ஆட்டத்தில் ஒருவரும் அவனுக்குப் பந்து போடவில்லை, ராட்னியும்தான். அந்த ஆட்டப் பருவம் முடிவதற்குள் லிண்டன் ஊரை விட்டே போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு லிண்டன் சாதாரணக் கம்பளிச் சட்டையில் வந்தான். வாசிக்கப்போகும் கதைப் புத்தகத்தை மேசைமேல் வைத்தான். வகுப்பில் ஒரு குழந்தையை எல்லாரும் ஒதுக்கினால் அதற்கு எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் பேசுவேன், அவ்வளவுதான் என்றான். அதைப் பேச வேடம் எதற்கு என்று, பெற்றோராக வந்திருந்த கெரின் கேட்டாள். நியாயமான கேள்விதான் என்று ராட்னிக்குப் பட்டது.

"அந்த உடுப்புக்காகத்தான் என்னை ஒதுக்கினாங்க. அதைக் கழட்டி வெச்சுட்டு வந்தா நான் யாரைப் பத்திப் பேசறது?" என்றான் லிண்டன். இதுவும் நியாயம்தான் என்று பட்டது. ராட்னி தலையைச் சொறிந்தான்.

"நீங்க வருஷா வருஷம் பாவாடை கட்டுறீங்களே, அதைப் பிள்ளைங்க பாக்கலயா?" என்று கேட்டான் லிண்டன்.

"அது சும்மா சிரிக்கிறதுக்குப்பா" என்றான் ராட்னி.

"நானும் அதே உடுப்புதான் போட்டேன். கேலி பண்ணாமப் போட்டேன், அதுதான் வித்தியாசம்."

கெரின், முன்பைவிடத் தணிந்த குரலில், தன் பிள்ளைகள் விஷயத்தைத் தன்னிடமே ஏன் மறைத்தார்கள் என்று கேட்டாள். சண்டைக்குப் பயந்துதான் பெயரை எழுதவில்லை என்று தலைமையாசிரியை பாஸ்கோ முகம் சிவக்க ஒப்புக்கொண்டார்.

எல்லா முகங்களும் ராட்னியைப் பார்த்தன.

"எது சரின்னு எனக்கு இன்னும் முழுசாப் பிடிபடல" என்றான். "ரெண்டு தப்பு மட்டும் தெரியுது. பெத்தவங்ககிட்ட மறைச்சது தப்பு. என்ன சொல்ல வர்றார்னு கேக்காமலே கதவைச் சாத்துறதும் தப்பு. எல்லாத்தையும் எழுதிப் புதுக் கடிதம் அனுப்புவோம். இஷ்டப்பட்டவங்க பிள்ளைங்களை உக்கார வைக்கட்டும், மத்தவங்களுக்கு வேற வகுப்பு நடக்கட்டும். என் ஓட்டு அதுக்குத்தான்."

வெளியே வந்ததும் அவன் லிண்டனிடம், அன்றைக்கு நான் உனக்குப் பந்து போடவில்லை என்றான். ஞாபகம் இருக்கிறது என்றான் லிண்டன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் கெரின் கொல்லைப்பக்கம் வந்தாள். தன் பிள்ளைகளை அனுப்பப்போவதில்லை, தான் மட்டும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போவதாகச் சொன்னாள். பாவாடை இன்னும் கொடியில்தான் கிடந்தது. இந்த முறை அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"சனிக்கிழமை வலைப்பந்து ஆட்டத்துக்கு இதைக் கட்டப்போறியா?"

"தெரியலக்கா."

"யோசிச்சுட்டுக் கட்டு. இத்தனை வருஷம் நீ யோசிக்காமக் கட்டின, நாங்க யோசிக்காமச் சிரிச்சோம். அன்னைக்கு மைதானத்துல ஒருத்தன் அழுதானான்னு நம்ம ஊர்ல ஒருத்தரும் கேக்கலயேடா."