எல்லை தாண்டிய பால்

வாய்க்கால் பாலத்துக்குக் குறுக்கே இரண்டு தார் டின்களை நிறுத்தி, மேலே ஒரு தென்னங்கட்டையைப் போட்டு அடைத்திருந்தார்கள். நேற்றுக் காலை இதே பாலத்தின் மேல்தான் சொசைட்டியின் பால் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு அதன் ஒரு பக்கச் சுவர் இடிந்து தண்ணீருக்குள் கிடந்தது. பாலத்துக்கு முன்னால் இருந்த டீக்கடைப் பெஞ்சில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நின்றதுமே எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

எனக்கு அந்த எழுந்திருப்பு நன்றாகத் தெரியும். ஒரு பொம்பளை வண்டியை நிறுத்தி வழி கேட்டால் ஒருவர் வழி சொல்வார், இன்னொருவர் அது தப்பு என்பார், மூன்றாமவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, ஸ்டியரிங்கை ஒடிங்க, இன்னும் நல்லா ஒடிங்க என்று கையை ஆட்ட ஆரம்பித்துவிடுவார். பொழுது சாய்வதற்குள் சொசைட்டி வண்டிக்கார அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். அதனால் நான் யாரிடமும் வழி கேட்பதில்லை என்று வைத்திருந்தேன். போனை ஸ்டாண்டில் மாட்டி மேப்பைப் போட்டுக்கொள்வேன். அதற்குள் இருந்து பேசுகிறவளுக்கு என் ஓட்டுதலைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. தப்பாகத் திரும்பினாலும் திட்டமாட்டாள். என் வீட்டுக்காரர் லாரியில் மாதக் கணக்காக வெளியூரில் இருக்கிறார். என்னிடம் குரலை உயர்த்தாமல் பேசுகிற ஒரே ஆள் இவள்தான் என்று நான் சிரிப்பதுண்டு.

எழுந்தவர் வந்து சேர்வதற்குள் சொசைட்டியின் பெயரைத் தட்டிவிட்டு, வண்டியை ஒரே திருப்பில் திருப்பினேன். ரிவர்ஸ் வராதாம்.

எங்கள் சொசைட்டி கேரளா எல்லையோரம் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடிந்தும் விடியாததுமாகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாலை ஏற்றி, வெயில் ஏறுமுன் கொண்டுபோய்க் கூலரில் ஊற்றிவிட வேண்டும். கடைசி நிறுத்தம் மருதாத்தாக்காவின் மாட்டுக்கொட்டகை. பழைய டிரைவர் குவைத்துக்கு விமானம் ஏறிய பிறகு, வேறு ஆள் கிடைக்காமல்தான் செகரட்டரி அழகுமலை இந்த வேலையை எனக்குக் கொடுத்தார். அதுவும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றுதான். அவருடைய மச்சினன் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு அந்த மாதம் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். எனக்கு இந்த வேலை வேண்டும். சும்மா வேண்டும் என்பதில்லை, விடியலில் ஊரே தூங்கும்போது அந்த வண்டியில் ஏறி உட்காருகிற நேரத்துக்காகவே வேண்டும். முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாக என் கையில் ஒரு ஸ்டியரிங் இருந்தது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.

மேப்புக்காரி என்னைத் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு மண்பாதைக்குள் நுழைத்தாள். வலதுபுறம் திரும்பவும் என்றாள், திரும்பினேன். இடதுபுறம் என்றாள், அதற்கும் திரும்பினேன். வேலிகளைப் பார்த்தேனா, எந்தத் தோப்பு யாருடையது என்று பார்த்தேனா, ஒன்றும் இல்லை. கண் பாதையில் இருந்தது, கவனம் அவள் குரலில் இருந்தது. பாதை ஒரு தார் ரோட்டில் போய் ஏறியதும் நல்ல ரோடு என்று மனசுக்குள் அவளைப் பாராட்டிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. கடைப் பலகைகளில் மலையாளம் இல்லை. எல்லாம் தமிழ்தான்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எல்லை என்பது பெரிய சங்கதியே இல்லை. நான் பிறந்தது தமிழ்நாட்டுப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கேரளாப் பக்கம். காதுகுத்துக்கு அங்கே, எழவுக்கு இங்கே என்று தினமும் தாண்டிக்கொண்டிருக்கிறோம். அம்மா வீட்டுக்குப் போகிறவள் வேறு மாநிலத்துக்குப் போகிறேன் என்று நினைப்பாளா? நானும் நினைக்கவில்லை. மனுஷர்கள் தாண்டலாம், பில் இல்லாமல் பால் தாண்டக் கூடாது என்பது, ரோடு திரும்பக் கேரளாவுக்குள் நுழைகிற இடத்தில் செக்போஸ்ட் கம்பத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பாலைப் பரிசோதிக்கிற பெண் வெளியே வந்தாள். டின்டு என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சின்ன வயசு, மலையாளம் கலந்த தமிழ்.

"சேச்சி, பில்லு?"

"பில்லெல்லாம் இல்லீங்க. இது நம்ம பாலுங்க. கேரளாப் பாலு."

"பின்னே எப்படி அங்கேயிருந்து வருது?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் நம்புவதற்காகப் போனைக் கழற்றிக் காட்டினேன். நான் வந்த வழி முழுக்க அதில் நீலக் கோடாகக் கிடந்தது. தோப்புக்குள் புறப்பட்டு, எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் ஒரு வளையம் போட்டு, நேராக இந்தக் கம்பத்தில் வந்து முட்டி நின்றது. டின்டு அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இதை வேற யார்கிட்டயும் காட்டாதீங்க சேச்சி. பாலு அங்கே போயிட்டு வந்ததுக்கு நீங்களே சாட்சி சொல்றீங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பாலுக்குப் பில் வேண்டும், என்னிடம் பில் இல்லை. செகரட்டரியைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள் என்றாள். போனைக் கையில் எடுத்தேன், எடுத்தபடியே நின்றேன். வெளிப் பால் நம் கேன்களில் கலக்கிறது என்று இரண்டு வாரமாக ஊரில் ஒரு புகைச்சல். பொதுக்குழுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு வந்ததாக யாராவது காட்டட்டும், நான் பதவியை விடுகிறேன் என்று அழகுமலை சவால் விட்டிருந்தார். அவருடைய வண்டி, அவருடைய கேன்கள், அவர் வைத்த டிரைவர், எல்லாம் எல்லையில் பிடிபட்டு நிற்கிறது. நான் கூப்பிட்டால் அடுத்த ஐந்தாவது நிமிஷம் மச்சினன் சாவியை வாங்கிக்கொள்வான். வேலை மட்டும் போனால் பரவாயில்லை, பால் கடத்துகிறவள் என்ற பெயரும் சேர்ந்து வரும். நான் போனை மறுபடி ஸ்டாண்டில் மாட்டினேன். இந்தப் பாலை நான்தான் கூலரில் சேர்க்கப் போகிறேன் என்று மேப்புக்காரியிடமே சொன்னேன், சத்தமாகவே.

டின்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "உள்ளே வராம, வந்த வழியே திரும்பிப் போனா எனக்கு எழுத ஒண்ணுமில்ல சேச்சி."

வந்த வழி. எந்த வழியாக வந்தேன்? கண்ணை மூடிப் பார்த்தால் குரல்தான் கேட்டது, ஒரு மரம்கூட ஞாபகத்தில் வரவில்லை. மேப்புக்காரியும் லேசில் விடவில்லை. வண்டியைத் திருப்பியதும், யூ டர்ன் எடுக்கவும், யூ டர்ன் எடுக்கவும் என்று என்னைச் செக்போஸ்டுக்கே கூப்பிட்டாள். வாயை மூடு என்று அவளை அணைத்துவிட்டு ரோட்டோரத்தில் நிறுத்தினேன். பங்குனி வெயில் அதற்குள்ளாகவே முதுகைச் சுட ஆரம்பித்திருந்தது. எதிரே ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு கேன்களின் மேலும் போட்டிருந்த சாக்குகளை உருவிக்கொண்டுபோய்த் தொட்டியில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட மறுபடி போர்த்தினேன். பால் திரிந்துவிட்டதோ என்று பயம். ஒரு கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், இன்னும் நல்ல வாசம்தான். அழுகை வந்தது, அழுவதற்கு நேரமில்லை என்று விழுங்கிக்கொண்டேன்.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. சொசைட்டிக்கு வழி கேட்டால் அவள் செக்போஸ்டைத்தான் காட்டுவாள். மருதாத்தாக்கா வீட்டுக்கு வழி கேட்டால்? முதல் நாளே அந்தக் கொட்டகையை நானே மேப்பில் குறித்து வைத்திருந்தேன். அதைத் தொட்டேன். ஐந்நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும் என்றாள், ஒன்றுமே நடக்காதது மாதிரி. அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. போகிற வழியிலேயே அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா எட்டு மாடு வைத்து ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்க்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"அட ஏனம்மிணி, எங்க பாலைக் கொண்டு போயி ஊரு சுத்திக் காட்டுனியாக்கும்?"

"அக்கா, திட்டுறதை அப்பறம் திட்டுங்க. பாலம் இல்லாம சொசைட்டிக்கு வேற வழி இருக்குதுங்களா?"

"வாய்க்கா மேட்டு மேலயே போனா வந்துரும். உன்ற வண்டி அதுல போவாது, எங்க தீவன ஆட்டோ போகும். மோனிஷாவை எடுக்கச் சொல்றேன். டீக்கடையில ஒரு வார்த்த கேட்டிருந்தா அவுங்களே சொல்லியிருப்பாங்கல்லோ?"

சொல்லியிருப்பார்கள். எழுந்து வந்தாரே, அவர் சொல்லியிருப்பார். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு கியர் போட முடியாது.

மண்பாதைக்குள் நுழைந்து இரண்டு திருப்பம் திரும்பினேன். மூன்றாவது திருப்பத்தில் பிரேக்கைப் போட்டேன். தேங்காய் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று சக்கரம் இறங்கிப் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. ஓட்டியவனைக் காணோம், ஆள் பிடித்துவரப் போயிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி வேலி. டிரெய்லரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், புல்லுக்குள் பாதி புதைந்து எல்லைக்கல் தெரிந்தது. காலையில் இதே கல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், அது இருந்ததே எனக்குத் தெரியாது. கல்லுக்கு அந்தப் பக்கம் மோனிஷா நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தீவன ஆட்டோவோடு நின்றாள். அக்காவின் மருமகள். பக்கத்தில் அக்கா, சேலையைத் தூக்கிச் செருகியபடி.

நான் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வண்டியின் பின்கதவைத் திறந்து முதல் கேனை இழுத்தேன்.

நிறைந்த கேனைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்கொரு கைப்பிடி. டிரெய்லருக்கும் வேலிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து. நான் முன்னால், மோனிஷா பின்னால், நடுவில் கேன். வேலி முள் அவள் நைட்டியைக் கிழித்தது. "கிழிஞ்சா கிழியட்டுங்க்கா, நீங்க நடங்க," என்றாள். ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர் காலில் வடிந்துகொண்டே வந்தது. இரண்டு கேன் போனதும் அக்கா மருமகளை ஆட்டோவில் அடுக்கச் சொல்லிவிட்டுத் தானே வந்து கைப்பிடியைப் பிடித்தாள். மூச்சு வாங்கினாலும் பேச்சை நிறுத்தவில்லை. எங்க செவலையோட பாலு, தமிழ்நாட்டுக்கு டூரு போயிட்டு வருது என்றாள். மூன்றாவது, நான்காவது. தோள் இற்று விழுந்துவிடும் போல இருந்தது. எனக்கு ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது. செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டால் பாதி வலி போய்விடுகிறது.

கடைசிக் கேனோடு நாங்கள் கல்லுக்குப் பக்கத்தில் வரும்போது வாய்க்கால் மேட்டிலிருந்து ஒரு பைக் இறங்கியது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வண்டி வந்து சேரவில்லை என்று தேடிக்கொண்டு அழகுமலையே வந்துவிட்டார். பைக்கை நிறுத்தியவர் இறங்கவில்லை. அவர் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுத் தோப்புக்குள் சொசைட்டி வண்டி ஒளிந்து நிற்கிறது. அங்கிருந்து மூன்று பொம்பளைகள் கேன் கேனாகப் பாலைத் தூக்கி எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குள் ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். பார்த்தால் நானே நம்பியிருப்பேன்.

"இதுதானுங்களா?" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இப்பிடி ஒண்ணு நடக்கவே இல்லீன்னு நானு மைக்கில சொல்லிப்போட்டு நிக்கிறேன். இதுதானுங்களா அது?"

"இல்லீங்க. நானு மேப்புப் போட்டுத் தப்பான வழில போயிட்டேனுங்க. பாலு நம்முளுதுங்க. மத்ததெல்லாம் சொசைட்டில வெச்சுக் கேளுங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். இப்பக் கூலருக்குப் போகோணும்."

"வண்டிச் சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போ அம்மிணி."

"குடுக்கறேனுங்க. பாலை ஊத்திப்போட்டுக் குடுக்கறேன்."

அக்காவுக்கு அதற்குமேல் முடியவில்லை. கேனைச் சரியாகக் கல்லுக்கு மேலேயே இறக்கிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலிக்கம்பத்தில் சாய்ந்தாள். மோனிஷா ஆட்டோவின் ஸ்டார்ட்டரை இழுத்துக்கொண்டிருந்தாள், அது இருமிக்கொண்டே இருந்தது. சாக்கில் இருந்த ஈரம் காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"ஒரு கை புடிங்க," என்றேன்.

அழகுமலை தன் வேட்டியைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். ஆட்டோ உயிர் வந்து உறுமியது. நான் குனிந்து என் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துப் பாதி தூக்கினேன். கேன் அவர் பக்கம் சரிந்து நின்றது, அந்தப் பக்கத்துக் கைப்பிடி வெயிலில் மின்னிக்கொண்டு சும்மா இருந்தது.