இரண்டாவது தலையணை

சவரிமுத்து தன் அண்ணனின் முழங்கால்களை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தான். ஜெரோம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருந்தார். கட்டிலில் கிடத்திய பிறகும் கால் நீளவில்லை.

"விடுங்க தம்பி," என்றாள் அறிவுச்செல்வி. "அவருக்குப் படுத்தா மூச்சு முட்டும்."

சவரிமுத்து மதினியை ஒரு கணம் பார்த்தான். மறுபடி அழுத்தினான்.

புருஷன் மாதக்கணக்காகப் படுக்கவில்லை. முதலில் தலைக்கு ஒரு தலையணை, பிறகு இரண்டு, கடைசியில் நாற்காலி. இருபது வருடச் சர்க்கரை. காலும் முகமும் வீங்கியதைப் பார்த்தவர்கள் ஆள் தேறிவிட்டார் என்றார்கள்.

மதுரையில் ஆஞ்சியோ செய்த டாக்டர், ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்றார். அதோடு நிறுத்தவில்லை. சர்க்கரை இதயத் தசையையே இறுக்கிவிட்டது, அதனால் சரியாக விரிந்து ரத்தத்தை வாங்க முடியவில்லை, உப்பைக் குறையுங்கள், நீர் போகிற மாத்திரையை விடாதீர்கள் என்றார். அதைக் கேட்க அவள் மட்டும்தான் அறையில் இருந்தாள். ஜெரோம் போனோடு வராந்தாவுக்குப் போய், அடைப்பே இல்லை என்று திண்டுக்கல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் கருவாடு வாங்கினார். நிலக்கோட்டையிலிருந்து பூ வேன் ஓட்டுகிறவன் வழியெல்லாம் ஒன்றுக்கு இறங்கி இறங்கி ஏற முடியுமா என்று மாத்திரையை நிறுத்தினார். அவள் சொன்னதற்கெல்லாம், "நீ டாக்டராடி?" என்று சிரித்தார்.

"அடைப்பு இல்லைன்னாகளே மதினி. பெறகு எப்பிடி?" சவரிமுத்து கேட்டான்.

"இல்லைதான்," என்றாள்.

அழுத்தி அழுத்திக் கால் நீண்ட பிறகு, மதியம் சவப்பெட்டி வந்தது. அதோடு ஒரு தலையணை இருந்தது. அவள் நாற்காலியிலிருந்த தலையணையையும் எடுத்துவந்து அதன்மேல் வைத்தாள். மூடி ஜெரோமின் மூக்கில் இடித்தது.

பெட்டிக்காரர் மூடியைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் அவளே புருஷன் தலையை உள்ளங்கையில் தாங்கி, மேல் தலையணையை உருவினாள்.

"பைய," என்றாள், யாரையும் பார்க்காமல். தலையைத் தாழ இறக்கினாள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வீட்டைக் கழுவிவிட்டு, நாற்காலியை வாசலில் கவிழ்த்திருந்தாள். அறிவுச்செல்வி அதை நிமிர்த்தி உள்ளே கொண்டுவந்து, பழைய இடத்தில் சுவரோரம் போட்டாள். சாய்மானத்தில் தலையணையைச் சொருகினாள்.

பிறகு கட்டிலின் ஓரத்தில், எப்போதும் போல் பாதியை விட்டுப் படுத்தாள்.