ஆள் இருக்கிற வீட்டுக்குப் பூட்டு

வீடுகளுக்கு இணைய லைன் இழுத்து இணைக்கும் ஜாயின்ட்காரரின் கைப்பேசியில், லைன் கொடுத்து முடித்த அறுபத்திரண்டு வீடுகள் பச்சையாகிவிட்டன. ஒன்று மட்டும் சிவப்பு. ஊரின் கடைசிக் கம்பத்திலிருந்து நானூறு மீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் வீடு அது. இணையக் கேபிளோ முப்பது மீட்டர்தான் மிச்சம்.

தற்காலிக வேலை. இருபது நாளுக்கு ஓர் ஊர். போன ஊரில் அவரைக் 'கேபிள்' என்று கூப்பிட்டார்கள். இங்கே அதுகூட இல்லை. கூட வந்த இருவரும் காலையிலேயே அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அவரோடு பேச இருந்தது ஒரே ஒரு குரல். எங்கோ ஒரு நகரத்தில், வேறொரு நிறுவனத்தில் உட்கார்ந்து இந்த வேலையை மேற்பார்வை பார்க்கும் பெண். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

"அண்ணா, அந்த ஒரு வீடு?"

"கேபிள் பத்தல மேடம். கேட்டு நாலு நாளாச்சு."

"வர்றதுக்குப் பத்து நாள் ஆகும். இன்னிக்குள்ள இந்த ஊர முடிச்சதாக் காட்டணும். நானே காண்ட்ராக்ட்ல இருக்கேன்." கொஞ்சம் தயங்கினாள். "வீடு பூட்டியிருந்தா போட்டோ போட்டு மூடிடலாம்."

அதற்கென்றே அவருடைய கருவிப் பையில் ஒரு பூட்டு இருந்தது. பல ஊர்களில், பல வாசல்களில் தொங்கிப் படத்துக்கு நின்ற பூட்டு.

வயல் வரப்பில் நடந்துபோனார். வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. சத்தமில்லாமல் வெளிக்கேட்டைச் சாத்தி, பூட்டை மாட்டி, கைப்பேசியை உயர்த்தினார்.

"எதுக்குத் தம்பி பூட்டு? நான் ஓடிப்போற நிலைமையிலயா இருக்கேன்?"

உள்ளே நாற்காலியில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டியவர், விபத்தில் ஒரு கால் போய்விட்டது.

"லைன் கொடுக்கத்தானே வந்தீங்க? வீட்லேருந்தே போன்ல பயணிகளுக்குப் பதில் சொல்ற வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வாரத்துக்குள்ள லைன் இருந்தா எனக்கு, இல்லன்னா வேற ஆளுக்கு. மூணு நாளா கதவச் சாத்தவே இல்ல. நீங்க தட்டி, நான் எழுந்து வர்றதுக்குள்ள போயிட்டீங்கன்னா? இந்த மாசம் இந்தப் பக்கம் வந்த மொத ஆளே நீங்கதான்."

ஜாயின்ட்காரருக்கு விதி தெரியும். 'வீடு பூட்டியிருக்கிறது' என்று பதிந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். திரும்ப எழுதிப் போட்டு வாங்க மாதக்கணக்காகும்.

பூட்டைக் கழற்றினார். திறந்த கதவையும் உள்ளே இருந்தவரையும் சேர்த்துப் படமெடுத்தார். 'ஆள் இருக்கிறார். கேபிள் இல்லை' என்று எழுதி அனுப்பினார். உடனே கைப்பேசி அடித்தது.

"என்னண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அங்க நிஜமாவே ஒருத்தர் இருக்காரா?"

"இருக்கார் மேடம். நாம பூட்டுன்னு மூடின எல்லா வீட்லயும் இருந்தாங்க."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "கேபிளுக்கு நான் இப்பவே எழுதுறேன். ஆனா அடுத்த ஊருக்கு உங்கள கூப்பிடுவாங்களான்னு தெரியல. என்னையும்தான்."

"தெரிஞ்சுதான் மேடம் அனுப்பினேன். வேலை முடியலன்னு உண்மைய எழுதினா நமக்கு ஒருநாள் தலைகுனிவு, அவ்வளவுதான். ஆள் இருக்கிற வீட்ட ஆளில்லாத வீடுன்னு எழுதினா, உசுரோட இருக்கிற மனுஷன இல்லாம ஆக்கிடறோம். அந்தப் பொய்யில வர்ற வேலை நமக்கு வேண்டாம்."